செத்திருக்க வேண்டிய பேண்டு வாத்தியம்

அத்தியாயம் 9

"மூணு மணிக்கு ஓட்டு. இப்ப பன்னெண்டே கால். நடுவுல சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சா..." என்று ஆரம்பித்தான் பிங்க்னி.

"கழிக்க வேண்டாம். இன்னிக்குச் சாப்பாடு கிடையாது," என்றாள் வெர்னா டில்மன்.

பிங்க்னி தன் எதிரே ஆவி பறந்த பீன்ஸ் சூப்பை ஏக்கமாகப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தான். இருபது வருஷம் வாஷிங்டன் தெருக்களில் டாக்ஸி ஓட்டியவன். வெர்னாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு உடம்பு இளைத்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்கள் நம்புவதில்லை.

சூப்புக்கு இடமும் இல்லை. அமெரிக்க காங்கிரஸ் கட்டிடத்தின் நிலவறைச் சாப்பாட்டுக் கூடத்து மேஜையை ஒரே ஒரு புத்தகம் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கம். அடுத்த வருஷம் ராணுவம் எத்தனை கப்பல் வாங்கலாம், எத்தனை சிப்பாய் வைத்துக்கொள்ளலாம், எந்த முகாமில் எந்தக் கூரையை மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கும் மசோதா. அறுபது வருஷத்துக்கும் மேலாக ஒரு வருஷம்கூட இது நின்றதில்லை. வேறு எந்த மசோதா நடுவழியில் படுத்தாலும் இது ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தனி வண்டி கிடைக்காத சின்னச் சின்ன கோரிக்கைகளெல்லாம் இந்த பஸ்ஸில்தான் தொற்றிக்கொள்ளும்.

அப்படித் தொற்றிக்கொண்டிருந்த பிரிவு 737-ஐ நேற்று யாரோ ஓடும் பஸ்ஸிலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள்.

"சார்ஜன்ட், நீங்களாவது ஏதாவது சாப்பிடுங்க," என்றாள் வெர்னா.

"தொண்டையில இறங்காது மேடம்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மெரிக்.

ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் மகள் டெல்லா வளர்ந்தது கேலவே படைத்தளத்தில். அங்கே குழாயில் வந்த தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்று தெரிவதற்குள் இருநூறு பிள்ளைகள் அதைக் குடித்து வளர்ந்துவிட்டார்கள். டெல்லாவுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். சிப்பாயின் பிள்ளை என்பதால் ராணுவ ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இருபத்தாறு வயதானால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். வெளி ஆஸ்பத்திரி எதுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை.

ஜனவரி மூன்றாம் தேதி அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது செப்டம்பர்.

ஆறு வருஷம் மெரிக் இந்தக் கட்டிடத்து வராண்டாக்களில் நடந்தார். அவர் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நோரீன் ப்ரைஸ் என்ற பெண் மட்டும்தான் அவரை உட்கார வைத்துப் பேசினாள். அவள் எழுதியதுதான் 737. கேலவே தளத்துப் பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கச் சிகிச்சை. ஜூன் மாதம் கமிட்டி அதை ஏற்றுக்கொண்டது. நேற்று மாலை நோரீன் அழுதுகொண்டே போன் செய்தாள். புத்தகத்தில் 737 இல்லை. 736 இருக்கிறது, 738 இருக்கிறது, நடுவில் பல் விழுந்த இடம்தான் இருக்கிறது. யார் செய்தது என்று கண்டுபிடிக்க வெர்னாவிடம் மெரிக்கை அனுப்பியவளும் அவள்தான்.

"மேல்சபை எழுதியிருக்கற புத்தகத்துல அந்தப் பிரிவு கிடையாது," என்றாள் வெர்னா. "டிசம்பர்ல ரெண்டு சபையும் ரெண்டு புத்தகத்தையும் ஒரே மேஜையில வெச்சுப் பேசுவாங்க. ரெண்டுலயும் இல்லாததை அங்க யாரும் எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்குள்ள உள்ள போகலைன்னா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் அவ இருக்க மாட்டா," என்றார் மெரிக். அழாமல், நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். வெர்னாவால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதே சபையில் குமாஸ்தா மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள்; ரிட்டயரான பிறகு மசோதாக்களில் நடக்கும் கோளாறுகளைத் துப்பறிந்து கொடுக்கிறவள். எத்தனையோ பிரிவுகள் வந்து போவதைப் பார்த்திருக்கிறாள்.

புத்தகத்தை பிங்க்னி பக்கம் திருப்பினாள். "736-ஐப் படி."

"'ஓய்வுபெற்ற ராணுவ மோப்ப நாய்களுக்குத் தளத்து மருத்துவமனைகளில் பல் சிகிச்சை அளிக்கப்படும். இந்தச் சிகிச்சை ஆயுட்காலம் முழுவதும் தொடரும்.' நல்ல விஷயம்தானே மேடம். நாய்க்கும் பல் வலிக்கும்."

"அந்தக் கடைசி வரி," என்றார் மெரிக். அவர் குரல் மாறியிருந்தது. "அது என் பொண்ணோட வரி. எனக்கு மனப்பாடம்."

பிங்க்னி மறுபடி படித்தான். வாய்க்குள் வந்த கிண்டலை அவன் விழுங்கியது வெர்னாவுக்குத் தெரிந்தது.

"நாய்க்கு ஆயுசு முழுக்க வைத்தியம். பொண்ணுக்கு ஜனவரி மூணாந்தேதி வரைக்கும்," என்றான் மெதுவாக.

"வேணும்னே கொல்றவன் முழுசா வெட்டிட்டுப் போவான். இப்படி வாலை மட்டும் தொங்க விட மாட்டான்," என்றாள் வெர்னா. "இது படிச்சுப் பார்த்து வெட்டினது இல்ல பிங்க்னி. எண்ணி வெட்டினது. இந்தப் பக்கத்து இந்த வரியிலேர்ந்து அந்தப் பக்கத்து அந்த வரி வரைக்கும் எடுன்னு யாரோ எழுதியிருக்காங்க. நேத்து வந்த திருத்தக் கட்டை எடு."

நேற்று சபையில் நாற்பத்தோரு திருத்தங்களை ஒரே கட்டாகக் கட்டி முன்வைத்தார்கள். சண்டை இல்லாத திருத்தங்கள் என்று பெயர். 'ஏற்பவர்கள் ஆம் என்று சொல்லலாம்' என்றதும் நாலு பேர் ஆம் என்றார்கள். ரெண்டு நிமிஷத்தில் நாற்பத்தொன்றும் நிறைவேறியது. ஒருவரும் படிக்கவில்லை. அங்கே வழக்கமே அதுதான்.

பிங்க்னி விரலை எச்சில் தொட்டுப் புரட்டினான். இருபத்தெட்டாவது தாளில் விரல் நின்றது.

"'பக்கம் 611, ஒன்பதாம் வரி முதல், பக்கம் 612, மூன்றாம் வரி வரை நீக்குக.' கொண்டுவந்தவர் ஹார்லன் ஸ்ட்ரௌட்."

மெரிக் எழுந்துவிட்டார். தொப்பி தரையில் விழுந்தது. கமிட்டியில் 737-ஐ எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் ஸ்ட்ரௌட். டாங்கிக்கு வைத்த பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட முடியாது என்று சொன்னவர். அந்தப் பிரிவை எந்த வழியாகக் கொண்டுவந்தாலும் ஆட்சேபிப்பேன் என்று தன் ஊரில் மேடை போட்டே சொல்லியிருந்தார்.

"நான் போய் அந்தாளு மூஞ்சியப் பார்த்துக் கேக்கறேன்."

"உட்காருங்க சார்ஜன்ட்."

"மேடம், ஆறு வருஷம்..."

"உட்காருங்க. நீங்க ஒரு வார்த்தை தப்பாப் பேசினா அதுவே அவருக்குச் சாக்காப் போயிடும்."

அவர் உட்கார்ந்தார். பிங்க்னி குனிந்து தொப்பியை எடுத்து, தூசு தட்டி, அவர் முழங்காலில் மறுபடி வைத்தான்.

வெர்னா இருபத்தெட்டாவது தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் கிடைத்துவிட்டான், காரணமும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. இவ்வளவு சுலபமாக ஒரு கேஸ் முடிந்தால் அவளுக்குப் பிடிக்காது. தாளின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. எந்தத் திருத்தத்தின் அடியிலும் அது எதற்கு என்று ஒரு குறிப்பு போடுவார்கள்.

"'ராணுவ பேண்டு வாத்தியங்கள் குறித்த ஆண்டறிக்கையை நீக்குதல்.'" வாய்விட்டுப் படித்தாள். "பிங்க்னி, பேண்டு அறிக்கை எங்கேயிருக்கு பாரு."

"நீக்கியாச்சுன்னு போட்டிருக்கே. அது எங்க இருக்கும்?"

"பாரு."

பார்த்தான். பக்கம் 614. ராணுவத்தில் எத்தனை ட்ரம்பெட், எத்தனை டிரம், எது ஓட்டை, எது நெளிசல் என்று வருஷா வருஷம் அறிக்கை தர வேண்டும் என்ற பிரிவு கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"செத்திருக்க வேண்டியவன் உயிரோட இருக்கான்," என்றாள் வெர்னா. "உயிரோட இருக்க வேண்டியவ செத்துட்டா. கத்தி ஒண்ணுதான். ஆள் மாறிப்போச்சு."

"எப்படி மாறும்?"

"ஜூன்ல ஒரு புத்தகம் அச்சடிச்சாங்க. ஜூலையில கப்பல் விவகாரத்தை முன்னாடி சேர்த்து மறுபடி அச்சடிச்சாங்க. மூணு பக்கம் தள்ளிப்போச்சு. பழைய புத்தகத்துல 611-ல இருந்தது பேண்டு. புதுசுல 611-ல இருந்தது டெல்லா. யாரோ பழசைப் பார்த்து வரி எண்ணியிருக்காங்க. புதுசுல வெட்டு விழுந்திருக்கு."

"அப்ப குமாஸ்தாகிட்ட சொன்னா திருத்திட மாட்டாரா?"

"சபை ஓட்டுப் போட்டது வரி நம்பருக்கு. மனசுல என்ன நெனச்சு ஓட்டுப் போட்டீங்கன்னு குமாஸ்தா கேக்க முடியாது." மணி பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். "ஒரே ஒரு வழி இருக்கு. கடைசி ஓட்டு முடிஞ்சதும் கமிட்டித் தலைவர் எழுந்து, புத்தகத்துல விழுந்த சின்னப் பிழைகளைச் சரிபண்ண அனுமதி கேப்பார். வருஷா வருஷம் கேக்கறதுதான். அதுல இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வைக்கணும். ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆட்சேபம்னு ஒரு வார்த்தை சொன்னாக் கதை முடிஞ்சுது."

அந்த ஒருத்தர் யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மெரிக்கை மேலே பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பிவிட்டு, வெர்னா பிங்க்னியோடு ஸ்ட்ரௌட்டைத் தேடிப் புறப்பட்டாள். இரண்டு மணி வரை அவர் கமிட்டி அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய ஓட்டு இருக்கிற நாளில் அவர் முடிவெட்டிக்கொள்வது பத்து வருஷப் பழக்கம். அதே நிலவறையில் நாலு திருப்பம் தள்ளி முடிதிருத்தும் கடை.

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, வலது பக்கம் வெட்டி முடிந்து இடது பக்கம் புதராக நின்றது. கான்ஸாஸ் கோதுமைக் காட்டுக்காரர், எழுபது வயது.

"யாரு, வெர்னாவா? ரிட்டயர் ஆகியும் இந்த நிலவறையை விட மாட்டேங்கறியே."

"நீங்களும்தான் விட மாட்டேங்கறீங்க சார்."

"ஜனங்க அனுப்பறாங்க, வரேன்."

"முடி மட்டும் ஓட்டுக்கு ஓட்டு ராஜினாமா பண்ணுது போல," என்று பிங்க்னி ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துச் சொன்னான். முடி வெட்டுகிறவர் இருமி, சிரிப்பை மறைத்தார்.

வெர்னா திருத்தத்தையும் புத்தகத்தையும் அவர் மடியில் விரித்தாள். நாய்களின் பிரிவைக் காட்டினாள். தொங்கிய வாலைக் காட்டினாள். பிறகு 614-ஐக் காட்டினாள்.

ஸ்ட்ரௌட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். பேண்டு அறிக்கையைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"ஓட்டை ட்ரம்பெட்டை எண்ணக் காசைக் கொட்டற இந்தச் சனியன் இன்னும் இருக்கா?"

"இருக்கு. அதுக்குப் பதிலா இருநூறு பிள்ளைங்க போயிட்டாங்க. உங்க கையெழுத்துல."

"இதோ பாரு வெர்னா. அந்தப் பிரிவை நான் எதிர்த்தேன். ஜூன்ல தோத்தேன். தோத்தப்புறம் பின்வாசல் வழியா வந்து கழுத்தறுக்கறவன் நான் இல்ல."

"அப்ப இதை எழுதினது யாரு? உங்க ஆளுங்கள்ல யாரு?"

"என் ஆளு எவனும் இல்ல." துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து தாளைத் தட்டியது. "அந்தப் பொண்ணு வந்துச்சு. 737-க்காக அலையுதே, நோரீன். சபையில நீங்க இன்னொருதரம் எதிர்த்துப் பேசாம இருக்க என்ன வேணும்னு கேட்டுது. பேண்டு அறிக்கையை ஒழிச்சுக் குடுன்னேன். அதுவே எழுதிக் கொண்டாந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சீங்களா?"

"யாரு படிக்கறா?"

பிங்க்னி வெர்னாவைப் பார்த்தான். கேஸைக் கொண்டுவந்து கொடுத்தவளே கத்தியைப் பிடித்தவள்.

"மூணு மணிக்கு நீங்க ஆட்சேபிப்பீங்களா சார்?" என்றாள் வெர்னா.

"எதிர்த்துப் பேச மாட்டேன்னுதான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். ஆட்சேபிப்பேன்னு ஊர்ல மேடையில சொல்லியிருக்கேன். சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆட்சேபிச்சா பேண்டு பிழைச்சுக்கும். அதை ஒழிக்க நீங்க போட்ட கையெழுத்து, நோயாளிப் பிள்ளைங்க வைத்தியத்தை வெட்டின கையெழுத்தாவே நிக்கும். ரெண்டையும் உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்கன்னு யோசிச்சுக்கங்க."

ஸ்ட்ரௌட் சுவர்க் கண்ணாடியில் தன் அரைத் தலையைப் பார்த்தார். கத்தரி அந்தரத்தில் நின்றது.

"நீ போ வெர்னா," என்றார் கடைசியில். எதற்கும் தலையாட்டவில்லை.

நோரீன் ப்ரைஸின் அறை சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், உறுப்பினர்களின் அலுவலகக் கட்டிடத்து மூன்றாவது மாடியில். மேஜையில் தலை வைத்துக் கிடந்தவள் கதவுச் சத்தம் கேட்டு எழுந்தாள். முந்தின நாள் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்? ஸ்ட்ரௌட்டா?"

வெர்னா மேஜையைப் பார்த்தாள். நோரீனின் முழங்கையருகே ஒரு மசோதாப் புத்தகம் கிடந்தது. மூலைகள் மடங்கி, காபிக் கறை படிந்து, மஞ்சள் ஒட்டுத்தாள்கள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு. அட்டையில் ஒரு பெண்ணின் சின்னப் படம் ஒட்டியிருந்தது. மெலிந்த முகம், பெரிய சிரிப்பு. டெல்லா.

"உன் புத்தகத்துல 611 எடும்மா."

நோரீன் எடுத்தாள். "பேண்டு அறிக்கை. ஒன்பதாம் வரி. சரியாத்தானே இருக்கு?"

வெர்னா தன் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் 611. நாய்கள். வால்.

நோரீன் ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். முதல் புத்தகத்தின் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். ஜூன்.

"புதுசு வந்தன்னிக்கு எல்லாரும் பழசைக் குப்பையில போட்டாங்க," என்றாள். "என்னால முடியல. இதுல அவ படம் இருந்துச்சு. இதுலேர்ந்தே எண்ணி எழுதிட்டேன். நான்தான் மேடம். வேற யாரும் இல்ல. நான்தான்."

வெர்னாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் ஒரு நிமிஷம் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த ஒரு நிமிஷமும் இல்லை.

"திருத்தத்தை எழுதின ஆளே இது என் பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, கமிட்டித் தலைவர் தன் பட்டியல்ல சேர்ப்பார். வேற காகிதம் எதையும் அவர் தொட மாட்டார்."

"எழுதினா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. இந்த வட்டாரத்துலயே யாரும் எடுக்க மாட்டாங்க."

"இருக்காதும்மா," என்றாள் வெர்னா. பொய் சொல்ல மனம் வரவில்லை.

நோரீன் ஒரு தாளை இழுத்துக்கொண்டாள். ஐந்து வரிதான் எழுதினாள். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

சுவரில் ஓட்டுக்கு அழைக்கும் மணி இரண்டு முறை அடித்தது. ஓட்டு தொடங்கிவிட்டது. பதினைந்து நிமிஷம்.

"சபைக்குள்ள போற அட்டை எங்ககிட்ட கிடையாது," என்றான் பிங்க்னி. "உங்ககிட்டதான் இருக்கு. லிப்டுக்கு நிக்காதீங்க தங்கச்சி. படியில ஓடுங்க. சுரங்கப்பாதையில இடது பக்கமாவே போங்க, வலது பக்கம் டூரிஸ்ட் கூட்டம். நான் முன்னாடி போய் வழி விலக்கறேன். இளைச்ச உடம்பு, எதுக்கு ஆகப் போகுது?"

மாடத்தில் மெரிக் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெர்னா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கீழே உறுப்பினர்கள் அரட்டை அடித்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வாசல் வழியாக நோரீன் நுழைந்து, கமிட்டித் தலைவரிடம் குனிந்து, தாளைக் கொடுத்தாள். அவர் படித்தார். அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைத் தன் காகிதங்களோடு சேர்த்துக்கொண்டார்.

மசோதா நிறைவேறியது. கமிட்டித் தலைவர் எழுந்து, தூக்கம் வருகிற குரலில் படித்தார். பிரிவு எண்களை, குறிப்புகளை, சிறு பிழைகளைச் சரிசெய்ய. மற்றும் பக்கம் 611-லும் 612-லும் தவறுதலாக நீக்கப்பட்டதைத் திரும்பச் சேர்க்க, பக்கம் 614-ல் நீக்க எண்ணியதை நீக்க. சபை ஒருமனதாக அனுமதிக்க வேண்டுகிறேன்.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் சபைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்.

நாலாவது வரிசையில் ஹார்லன் ஸ்ட்ரௌட் எழுந்து நின்றார். இடது பக்கத்து முடி வெட்டப்படாமல் அப்படியே புதராக நின்றது.

மெரிக்கின் கை வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்ட்ரௌட் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். பிறகு திரும்பி, நடுப்பாதையில், அவசரமே இல்லாமல், கதவை நோக்கி நடந்தார். கதவு அவருக்குப் பின்னால் ஆடி நின்றது. சபையில் இல்லாதவர் ஆட்சேபிக்க முடியாது.

"ஆட்சேபம் இல்லை. அவ்வாறே ஆகட்டும்." சுத்தியல் ஒரு தட்டு தட்டியது. கீழே யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் மெரிக்.

"இவ்வளவுதான். டிசம்பர்ல இன்னொரு மேஜை பாக்கி இருக்கு. ஆனா அந்த மேஜையில இப்ப உங்க பொண்ணு இருக்கா."

வராண்டாவில் பிங்க்னி சுவரில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் தரையில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. அவளுடைய உறுப்பினர் அதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"நாய்ங்கதான் பாவம்," என்றான் பிங்க்னி. "ஒரே ஒரு நாள் ஆயுசு முழுக்க வைத்தியம் இருந்துச்சு அதுங்களுக்கு." நோரீன் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

மெரிக் போனை எடுத்தார். இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மறுமுனையில் ஆஸ்பத்திரி இயந்திரம் பீப் பீப்பென்று கேட்டது, அப்புறம் ஒரு களைத்த குரல்.

"அப்பா? என்னாச்சு? நமக்காக யாராவது பேசினாங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"இல்ல கண்ணு," என்றார். "ஒருத்தர்கூட வாயைத் திறக்கல."